ஒப்புதல் ஆங்கிலத்தில், மிரட்டல் தமிழில்!

சென்ற ஆண்டு ஒருநாட் காலை, பள்ளிக்குப் புறப்படும் வேளையில், என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இரும்புருட்டாலை ஒன்றில் ஒப்பந்தக் கூலியாக வேலை பார்த்து வந்த என் பழைய மாணவனின் முகம் அது. அம் முகத்தின் குறுக்கே 'திருடன்' என்று சிவப்பெழுத்தில் பொறித்திருந்தார்கள். கீழே நான்கு வரிகள். இவன் கடன் வாங்கி ஏமாற்றினான். நீ இவனுக்குத் தெரிந்தவன். அவனைக் கட்டச் சொல். சொல்லாவிட்டால் அடுத்த படம் உன்னுடையது. இதுவே அவ்வரிகளின் பொருள். அனுப்பியவன் பெயருமில்லை, ஊருமில்லை.

நாணத்தோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கு வரிகளில் என் கண் முதலிற் கண்டவை மூன்று ஒற்றுப் பிழைகளே! ஏறத்தாழ முப்பதாண்டு விடைத்தாள் திருத்திய கண் அது. அதன் பின்னரே, எழுதப்பட்டிருப்பது ஒரு பிள்ளையின் மானம் என்பது என் அறிவுக்கு எட்டியது.

அன்று மாலையே அவன் வீட்டிற்குச் சென்றேன். அவன் இல்லை, மூன்று நாளாக வேலைக்கும் போகவில்லை. அதே படம் அவனுடைய மேற்பார்வையாளருக்கும், ஆளெடுக்கும் ஒப்பந்தக்காரருக்கும், தெருமுனைத் தேநீர்க் கடைக்காரருக்கும், திருமணமான தங்கையின் மாமியார்க்கும் போயிருந்தது. பத்து நாள் கழித்து அவனாகவே என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். "ஐயா, நான் திருடவில்லை ஐயா" என்பதுதான் அவன் சொன்ன முதற்சொல்.

நடந்தது இது. கூலி வர வேண்டிய நாளில் வரவில்லை. ஒப்பந்தக்காரர் இன்னும் பத்து நாள் ஆகுமென்று சொல்லிவிட்டார். தங்கையின் வளைகாப்புக்கு ஐயாயிரம் உருபா வேண்டியிருந்தது. திரைப்பாட்டொன்றைக் கைப்பேசியிற் கேட்டுக் கொண்டிருந்தபோது, இடையே ஒரு விளம்பரம். இனிய தமிழ், ஒரு பெண்ணின் குரல், 'அண்ணா' என்று அழைத்தது, ஐந்தே நிமையத்தில் பணம் என்றது. அவன் அந்தக் கடன் செயலியை இறக்கிக்கொண்டான். உள்ளே போனவுடன் தமிழ் மறைந்தது. திரை திரையாக ஆங்கிலம். அடியில் பச்சை நிறத்தில் பெரிய பொத்தான் ஒன்று. அதை அழுத்தினான். மறுபடியும் ஆங்கிலம், மறுபடியும் பச்சை. அழுத்திக்கொண்டே போனான். அந்த அழுத்தல்களில் ஒன்று, அவன் கைப்பேசியிலிருந்த அத்தனைப் பெயர்களையும் எண்களையும் அச் செயலிக்காரன் அள்ளிக்கொள்ள ஒப்புதல் தந்தது. இன்னொன்று அவனுடைய படங்களைத் திறந்து கொடுத்தது.

அவன் கேட்டது ஐயாயிரம். கைக்கு வந்தது மூவாயிரத்து இருநூறு. எஞ்சியது 'செயற்கட்டணம்' என்று முன்னரே பிடிக்கப்பட்டது. ஏழாம் நாள் முழு ஐயாயிரமும் கட்ட வேண்டும். 3,200 உருபாவுக்கு ஒரு கிழமையில் 1,800 உருபா என்றால், நூற்றுக்கு ஐம்பத்தாறுக்கு மேல் வருகிறது! கந்துவட்டிக்காரன்கூட இத்தொகையைக் கேட்க நாக்கூசுவான். கட்ட முடியாத நாளில், அதே செயலி வேறொரு செயலியைக் காட்டியது. அதில் வாங்கி இதில் கட்டினான். மூன்று திங்களுக்குள் பதினொரு செயலிகள்.

இங்கே நம் அன்பர் சிலர், "ஏன் அவன் படிக்காமல் அழுத்தினான்?" என்று கேட்பர். நானும் அதனைக் கேட்டேன். அவன் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தவன். என்னிடமே யாப்புப் படித்தவன். வெண்பாவின் தளை தட்டினால் கண்டுகொள்வான். ஆனால் அந்த ஆங்கிலம், ஆங்கிலத்திலேயே முதுகலை படித்தவர்க்கும் விளங்காத சட்ட ஆங்கிலம். அதை விளங்க எழுதுவதில் எழுதியவனுக்கு எந்த ஊதியமும் இல்லை. விளங்காமல் எழுதுவதிலேயே ஊதியம் உண்டு. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. அழைக்கும்போது தமிழ், கையொப்பம் வாங்கும்போது ஆங்கிலம், மிரட்டும்போது மீண்டும் தமிழ். மூன்று இடத்திலும் எம்மொழியைப் பயன்படுத்தினால் தனக்கு ஆதாயம் என்பதை அந்த நிறுமம் தெளிவாக அறிந்திருக்கிறது. தமிழ் தெரியாததால் அவர்கள் ஆங்கிலத்தில் எழுதவில்லை. தமிழ் தெரிந்திருந்தும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள்.

மொழியுரிமையென்று நாம் பேசும்போதெல்லாம், "சோறு போடுமா உங்கள் தமிழ்?" என்று ஏளனம் செய்பவருக்கு இதனைச் சொல்ல விரும்புகிறேன். தாய்மொழியில் இல்லாத ஒப்பந்தம் இருக்கும் சோற்றையும் பறிக்கும். தொழிற்பேட்டையில் நம்மவரோடு தோளுரசி வேலை செய்யும் ஒரியர்க்கும் பீகாரியர்க்கும் இதே நிலைதான். அவர்களுடைய தாய்மொழியிலும் அந்தத் திரைகள் இல்லை. எனவே இது தமிழர்க்கு மட்டுமான குறை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலம் அறிந்த ஒரு சிறுபான்மை, அறியாத பெரும்பான்மையிடம் விரல்நுனியிலேயே கைந்நாட்டு வாங்கும் ஏற்பாடு இது. பண்டைப் பண்ணையார் எழுதாத் தாளில் பெருவிரல் மை ஒற்றி வாங்கினார். இவர்கள் எழுதி நிறைத்த தாளில் வாங்குகிறார்கள். இரண்டையும் படிக்க முடியாது.

இத்தகைய செயலிகள் ஒன்றிரண்டு அல்ல. 2021-இல் ரிசர்வு வங்கி அமைத்த பணிக்குழு, அவ்வாண்டின் முதலிரு திங்கள்களில் மட்டும் இந்தியப் பயனர்க்குக் கிடைத்த கடன் செயலிகளை எண்ணிப் பார்த்தது. ஏறத்தாழ 1,100 செயலிகள் இருந்தன. அவற்றுள் ஏறத்தாழ 600 சட்டத்திற்குப் புறம்பானவை. பாதிக்கு மேல் கள்ளம்! அதே 2021-இன் தொடக்கத்தில், சென்னை நகரக் காவல்துறை இத்தகைய செயலி வழக்கொன்றில் சீனர் இருவர் உட்படச் சிலரைச் சிறைப்படுத்தியதும் நினைவிருக்கும். 2022 செப்டம்பரில் வங்கி நெறிமுறைகளை வகுத்தது. கடன்தொகை நேரே வாங்குபவனின் வங்கிக் கணக்கிற்கே போக வேண்டும். கைப்பேசியிலுள்ள பெயர்ப்பட்டியலையும் அழைப்புப் பதிவுகளையும் படங்களையும் செயலி தொடுதல் கூடாது. வாங்கியவன் மனம் மாறினால் திருப்பிக் கொடுத்து விலகக் கால இடைவெளி தர வேண்டும். 2024 ஏப்பிரலில் வந்த சுற்றறிக்கையோ இன்னும் ஒருபடி மேலே சென்றது: கடனின் முதன்மைச் செய்திகளைச் சொல்லும் அறிக்கைத் தாள், கடன் வாங்குபவர்க்கு விளங்கும் மொழியில் இருத்தல் வேண்டும். 2025 சூலை முதல், முறையான கடன் செயலிகளின் பட்டியலை வங்கியே தன் வலைத்தளத்தில் வைத்திருக்கிறது. தமிழக அரசும் 2025-இல், கடன் தண்டலில் வன்முறையும் இழிவுபடுத்தலும் செய்வாரைத் தண்டிக்கும் சட்டமொன்றை இயற்றியது.

நெறிகள் உள, இல்லையென்று கூறவில்லை. ஆனால் 'விளங்கும் மொழி' என்னும் அந்த ஒரு தொடரைத் தமிழகத்தில் எத்தனைப் பேர் அறிவர்? வங்கிப் படியேறித் 'தமிழில் தாள் கொடு' என்று கேட்டவர் நம்மில் எத்தனைப் பேர்? நம் இயக்கத்தார் பெயர்ப்பலகைகளுக்காகத் தெருவில் நின்றதுண்டு. தமிழகக் கடைகளின் பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருத்தல் வேண்டுமென்று அரசு விதியே உள்ளது. ஆனால் இன்றைய பெருங்கடைகள் தெருவிலா இருக்கின்றன? அவை சட்டைப் பையில் இருக்கின்றன. அந்தக் கடைக்குப் பலகையுமில்லை, தமிழுமில்லை. நாமும் அதன்முன் நிற்கவில்லை. இது நம் பிழை.

கடன் செயலியின் உடன்பிறப்பு சூதுச் செயலி. என் மாணவனின் பதினொரு கடன்களுள் நான்கு, இரம்மி ஆடி 'மீட்டுவிடலாம்' என்று வாங்கியவை. அதையும் அவனே சொன்னான். வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கி, அதனைப் பொருட்பாலில் வைத்தார். நாடும் அரசும் பேசப்படும் இடத்தில் வைத்தார் என்பதை எண்ணுக. தமிழகம் இதனைத் தடுக்கப் பட்ட பாடு பெரிது. 2021-இல் கொணர்ந்த சட்டத்தை அவ்வாண்டு ஆகத்துத் திங்களிலேயே சென்னை உயர்நயமன்றம் செல்லாதென்றது. 2022-இல் ஓய்வுபெற்ற நடுவர் சந்துரு அவர்களின் தலைமையில் குழு அமைந்தது. அதன் அறிக்கைவழி அவசரச் சட்டமும் பின்னர்ச் சட்ட முன்வரைவும் வந்தன. ஆளுநர் அதனை 2023 மார்ச்சில் திருப்பியனுப்பினார். பேரவை அதே திங்களில் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்பிரலில் இசைவு கிடைத்தது. நவம்பரில் உயர்நயமன்றம் சட்டத்தை ஏற்று, இரம்மிக்கும் போக்கருக்குமான பகுதியை மட்டும் நீக்கியது. அவை திறமை விளையாட்டாம்! 2025-இல் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை விளையாட்டை மூடும் விதி வந்தது. அதனை மன்றமும் ஏற்றது. இந்நிலையில் 2025 ஆகத்தில் நடுவண் அரசு, பணம் வைத்தாடும் இணையவழி விளையாட்டு அனைத்தையும், அவற்றின் விளம்பரத்தையும் சேர்த்தே தடைசெய்யும் சட்டத்தை இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேற்றியது. விளையாட்டை நடத்துவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை. விளம்பரம் செய்வார்க்கு ஈராண்டு வரை சிறையும் ஐம்பது இலக்கம் வரை தண்டமும்.

நல்லதே. ஆனால் பந்தயமும் சூதும் அரசியலமைப்பில் மாநிலப் பட்டியலில் உள்ளவை. தமிழகம் நான்காண்டு முட்டிய கதவைத் தில்லி தன் சாவியால் இரு நாளில் திறந்ததென்றால், சாவி யார் கையில் இருக்க வேண்டும் என்னும் கேள்வி நமக்கு எஞ்சி நிற்கவே செய்கிறது. அதனை வேறோர் இதழில் விரிப்போம்.

இனி, இவற்றைச் செய்து கொடுப்பவர் யார் என்று பார்ப்போம். செயலி மரத்தில் காய்ப்பதில்லை. பச்சைப் பொத்தானைப் பெரிதாக்கியவனும், 'வேண்டா' என்னும் சொல்லைச் சாம்பல் நிறத்தில் மூலையில் ஒளித்தவனும், ஒரு மேசையின்முன் அமர்ந்து கூலி பெறும் மாந்தனே. இவ்வேமாற்றுகளுக்கு ஆங்கிலேயராகிய ஆரி பிரிக்னல் என்பார் 2010-இல் 'இருள்வடிவங்கள்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டினார். நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் அவற்றுள் பதின்மூன்றை வகைப்படுத்தித் தடைசெய்தது. என் தொழில் பழக்கத்தால் அவற்றுக்குத் தமிழ்ப்பெயர் சூட்டிப் பார்த்தேன். 'இன்னும் இரண்டே எஞ்சியுள்ளன' என்று பொய்யாக விரைவுபடுத்துவது பொய்ப்பதற்றம். கேளாப் பொருளைக் கூடைக்குள் நுழைப்பது கூடைச்செருகல். 'வேண்டா' என்பவனை நாண வைப்பது கூச்சவலை. எளிதில் உள்ளே விட்டு வெளியே வர விடாமை கட்டணக்கண்ணி. முதலில் ஒரு விலை சொல்லி, முடிவில் துளித்துளியாய் ஏற்றுவது துளிவிலை. செய்திபோல் வரும் விளம்பரம் மாறுவேட விளம்பரம். ஓயாது கேட்பதோ, நம் வீட்டுத் தமிழிலேயே உள்ளது: நச்சரிப்பு. பெயரிடுவதில் நமக்கொரு இன்பம் உண்டு. அவ்வின்பத்தோடு நின்றுவிடுவதும் நம் வழக்கம். 2025 சூனில் அவ்வாணையம், இணைய வணிக நிறுமங்கள் மூன்று திங்களுக்குள் தம்மைத் தாமே ஆராய்ந்து இவற்றை நீக்க வேண்டுமென்றது. தன்னைத் தானே ஆராய்வதில் எந்த நரிக்கும் குறை தெரிந்ததாக நான் படித்ததில்லை.

பெரிய நிறுமங்கள் இவற்றுக்கு அப்பாற்பட்டவை என்று எண்ண வேண்டா. அமேசான் நிறுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் சேர்வது எளிது, விலகுவது கடிது என்று அமெரிக்க நடுவண் வணிக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடுத்தது. விலகும் வழிமுறைக்கு அந்நிறுமத்தார் தமக்குள் வைத்திருந்த பெயர் 'இலியது' என்று அவ்வழக்குரை கூறியது. கிரேக்கர் பத்தாண்டு நடத்திய திராய்ப் போரைப் பற்றிய பெருங்காப்பியத்தின் பெயர் அது! விலகுவது அத்துணை நெடும்போர் என்பதைச் செய்தவர்களே அறிந்திருந்தனர் போலும். 2025 செப்டம்பரில், குற்றத்தை ஒப்பாமலே, 250 கோடித் தாலர் கொடுத்து அவ்வழக்கை அந்நிறுமம் தீர்த்துக்கொண்டது.

இவ்வேலையில் அமர்ந்திருப்பவருள் தமிழர் எத்தனைப் பேர்! பழைய மாமல்லபுரச் சாலையில் இருமருங்கும் உயர்ந்து நிற்கும் கண்ணாடி மாளிகைகளில் நம் பிள்ளைகளே நிறைந்திருக்கின்றனர். என்னிடம் படித்து, இன்று அங்கே மென்பொருள் எழுதும் இன்னொரு மாணவன் விடுமுறைக்குத் திருவள்ளூர் வந்தபோது, நடந்ததை எல்லாம் சொல்லி, "தம்பி, இதெல்லாம் தெரிந்தே செய்கிறார்களா, தெரியாமல் நேர்வதா?" என்று கேட்டேன்.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னான்: "ஐயா, ஒரே பக்கத்தை இரண்டு விதமாகச் செய்து, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு இன்னொன்றும் காட்டுவோம். எதில் மிகுதியான பேர் அழுத்துகிறார்களோ அதையே வைத்துக்கொள்வோம். படித்து அழுத்தினார்களா, படிக்காமல் அழுத்தினார்களா என்பதை நாங்கள் எண்ணுவதில்லை. எண்ணச் சொல்லி யாரும் கேட்பதும் இல்லை."

"கேட்காவிட்டால் நீ சொல்லலாமே?"

"சொன்னேன் ஐயா, ஒருமுறை. 'உன் பிரிவு வேலை அதுவன்று' என்றார்கள்."

அவன்மேல் எனக்குச் சினம் வரவில்லை என்றால் பொய். ஆனால் அவனுக்கும் வீட்டுக்கடன் உண்டு, கைக்குழந்தை உண்டு. அவன் அறமில்லாதவன் அல்லன். அறத்தைப் பற்றிக் கேட்கும் இடமே அவன் வேலையில் இல்லை. மருத்துவர்க்கும் வழக்கறிஞர்க்கும் நெறி தவறினால் பெயரை நீக்கும் மன்றங்கள் உள. வீடு கட்டும் கொத்தனுக்குக்கூட ஊரார் வாய் உண்டு. கோடிப் பேர் விரல் படும் பொத்தானை வரைபவனுக்கு மட்டும் எந்த மன்றமும் இல்லை. திரை முடிவின்றி ஓடிக்கொண்டேயிருக்கும் அமைப்பை 2006-இல் உருவாக்கிய ஏசா ராசுக்கின் என்னும் அமெரிக்கர், அதனால் மக்கள் வீணடிக்கும் பொழுதை எண்ணிப் பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். பன்னீராண்டு கழித்து வந்த வருத்தம் அது. திரையோ இன்னும் ஓடுகிறது. முன்னதாகவே மறுக்கும் உரிமை வேலை செய்பவனுக்கு வேண்டும். 'ஏமாற்றும் பொத்தானை வரையமாட்டேன்' என்றவனை வேலையிலிருந்து நீக்கினால், அந்நீக்கம் செல்லாதென்று சொல்லும் சட்டம் வேண்டும். தொழிற்சங்கம் என்றாலே முகஞ்சுளிக்கும் அந்தக் கண்ணாடி மாளிகைகளில் நம் இளைஞர் இதற்காகவேனும் கூடட்டும். அவர்கள் எழுதும் செயலியின் முதல் திரை தமிழில் இருக்க வேண்டுமென்று அவர்களே கேட்டால், எந்தப் போராட்டமும் தராத பயனை அது தரும்.

தமிழ்த்திரை வந்தால் மட்டும் கள்ளன் நல்லவனாகி விடுவானா என்று கேட்கலாம். ஆகமாட்டான். 600 கள்ளச் செயலிக்காரரும் எந்தச் சட்டத்தையும் மதிப்பவர் அல்லர். ஆயினும், முறையான நிறுமங்கள் அனைத்தும் தமிழில் ஒப்புதல் கேட்கும் நிலை வந்துவிட்டால், ஆங்கிலத்தில் மட்டுமே கேட்பவன் கள்ளன் என்பது கூலிக்காரனுக்கும் ஒரு பார்வையில் விளங்கிவிடும். இன்று நல்லவனும் கள்ளனும் ஒரே உடையில் வருவதால்தானே அடையாளம் தெரியவில்லை!

இதற்கொரு சட்டவழி உண்டு என்பதை நம் அன்பர் பலர் அறியார். 2023-இன் மின்ம வழித் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரிடம் ஒப்புதல் கேட்கும் எவரும், அக்கேள்வியை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எந்த மொழியிலுமோ பெறும் வாய்ப்பை அவர்க்குத் தர வேண்டும் என்கிறது. அவ்வட்டவணையின் இருபத்திரண்டு மொழிகளுள் தமிழும் ஒன்று. விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. முதன்மைக் கடமைகளுக்கு நிறுமங்கட்குப் பதினெட்டுத் திங்கள் காலம் தரப்பட்டது. 'வாய்ப்பு' என்னும் சொல்லில்தான் எலி புகும் வளை இருக்கிறது. முதலில் ஆங்கிலத்தைக் காட்டி, எட்டாம் திரையின் மூலையில் 'தமிழ்' என்று சிறிதாய் எழுதிவிட்டு, 'வாய்ப்புத் தந்தோம்' என்று சொல்லிவிடலாம். கைப்பேசியே தமிழில் அமைந்திருந்தால் ஒப்புதலும் தமிழிலேயே முதலில் வர வேண்டும் என்று கேட்க வேண்டியவர் நாம். கேட்கும் காலம் இதுவே.

என் மாணவன் இப்போது வேறோர் ஊரில், வேறோர் ஆலையில் வேலை செய்கிறான். இணையக் குற்றங்களுக்கான 1930 என்னும் எண்ணில் முறையிட்டான். மிரட்டல் ஒருவாறு ஓய்ந்தது. ஆனால் தங்கையின் வீட்டுக்கு அவன் இன்னும் போகவில்லை.

இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். கிழமைக்கு ஒரு பாடவேளை, மாணவர் தம் வீட்டாரின் கைப்பேசியில் உள்ள ஏதேனும் ஒரு செயலியின் ஒப்புதல் பகுதியைத் தாளில் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஆங்கில ஆசிரியரின் துணையோடு அதனைத் தமிழாக்குகிறோம். பாடத்திட்டத்தில் இல்லை என்று தலைமையாசிரியர் முதலில் தயங்கினார். அவர் கைப்பேசியில் உள்ள செயலி ஒன்றையே எடுத்துக்கொள்வோம் என்றதும் இசைந்தார். மூன்று பாடவேளை ஆயின. இன்னும் நான்காம் திரையைத் தாண்டவில்லை. இரண்டாம் திரையில் ஒரு தொடர், 'உங்கள் தொடர்புகளைப் பயன்படுத்த' என்று வந்தபோது, பின் இருக்கையில் இருந்த மாணவி எழுந்து, "ஐயா, தொடர்புகள் என்றால் என் அம்மாவுமா?" என்று கேட்டாள். ஆமென்றேன். அவள் உட்கார்ந்து, எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, அந்த இடத்தில் 'தொடர்புகள்' என்பதை அடித்துவிட்டு 'உங்கள் வீட்டார், உறவினர், ஆசிரியர் ஆகியோரின் எண்கள்' என்று திருத்தி எழுதினாள். அந்தத் தாளை வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை நான்காம் திரை.